நாயும் பழைய இரட்டைக் குழலும்: வட மிச்சிகனில் கிரவுஸ் வேட்டைக்கு முழுமையான வழிகாட்டி

நாயோடு காட்டுப் பறவை வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1920களில் செய்த பார்க்கர் துப்பாக்கி ஒன்றை ஏலத்தில் பார்த்திருப்பார்கள். வால்நட் கட்டை, செதுக்கு வேலை, அருகருகே இரண்டு குழல். மனசு அங்கேயே நின்றுவிடும். என்னைக் கேட்டால், துப்பாக்கி கடைசியாக வாங்க வேண்டிய பொருள். உரிமம், காடு, நாய், அப்புறம்தான் துப்பாக்கி. எந்த நாயோடு எந்தக் காட்டில் நடக்கப் போகிறோம் என்பது தெரிந்தால்தான் எத்தனை எடை, எவ்வளவு நீளம், என்ன சோக் (குழல் முனையின் இறுக்கம்) என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் வட ஏரி மாநிலங்களுக்கு, குறிப்பாக மிச்சிகனுக்குப் பொருந்துவது. விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் விதிகள் கொஞ்சம் மாறும், காடும் பறவையும் ஒன்றுதான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கௌதாரி, காடை உட்படக் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். ஊருக்கு வரும்போது இந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டு பறவைகள்

ரஃப்டு கிரவுஸ் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும் காட்டுக்கோழி வகை. உடல் நிறம் காய்ந்த இலையோடு இலையாகக் கலந்துவிடும். வசந்தத்தில் ஆண் பறவை விழுந்த மரத்தின் மேல் நின்று சிறகைக் காற்றில் அடிக்கும். தூரத்தில் பழைய டிராக்டர் ஒன்றைக் கிளப்ப முயல்வதுபோல் அந்தச் சத்தம் கேட்கும். எழும்பும்போது படபடவென்று பெரிய ஓசையோடு எழும்பி, ஒன்றிரண்டு விநாடியில் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். வட மாநிலங்களில் இதன் எண்ணிக்கை ஏறத்தாழ 10 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்கும். ஒரு பருவம் காடே காலியாகத் தெரிந்தால் குறை உங்களிடம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வுட்காக் வேறு குணம். நம் வயல்களுக்கு வரும் உள்ளானின் குடும்பம். மண்புழுதான் அதன் முக்கிய உணவு, அதனால் நீண்ட அலகு. கண்கள் தலையின் பின்பக்கமாகத் தள்ளியிருக்கும். மண் உறையும் முன் தெற்கே புறப்பட்டுவிடும். நாய் அருகில் வந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பதால் குட்டி நாய்க்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இதன் பெரிய உறவுக்காரப் பறவை ஒன்று குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வருவதுண்டு.

முதலில் காகிதம்

மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பெரும்பகுதியை இணையத்தில் படித்துவிட்டு ஒரு நாள் களப் பயிற்சிக்குப் போகலாம். பிறகு அடிப்படை உரிமம். அதிலேயே கிரவுஸ் அடங்கும். வுட்காக் வலசைப் பறவை என்பதால் அதற்குத் தனியாக இலவச முத்திரை ஒன்றும், வலசைப் பறவை வேட்டைக்காரர் பதிவும் தேவை.

கிரவுஸ் பருவம் செப்டம்பர் 15இல் தொடங்கி நவம்பர் 14 வரை. மான் வேட்டைக்கு இடைவெளி விட்டு, டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடியும் உண்டு. வடக்கு மண்டலங்களில் நாளைக்கு 5 பறவை. வுட்காக்குக்கு 45 நாள் பருவம், நாளைக்கு 3. தேதிகள் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் மாநிலக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு நிறத் தொப்பியோ மேலங்கியோ கட்டாயம். அடர்ந்த காட்டில் கூட வருகிறவர் 20 கஜத்தில் காணாமல் போய்விடுவார், ஆகவே இரண்டையும் போடுங்கள்.

அடுத்தது நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூட வம்பில் முடியலாம். இதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். ஆகவே உரிமம் கையில் வந்த பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள், அது காலாவதி ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா நிலையில் சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு மேலே போங்கள்.

காட்டைப் படிப்பது

கிரவுஸ் இருக்கும் காடு அழகான காடு அல்ல. உயர்ந்த மரங்கள், கீழே சுத்தமான தரை, புகைப்படத்துக்கு ஏற்ற இடம் என்றால் அங்கே பறவை இருக்காது. ஆஸ்பென் மரங்களை மொத்தமாக வெட்டிய நிலத்தில் வேரிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் கிளம்பும். அப்படி வெட்டி ஏறத்தாழ 5 முதல் 20 ஆண்டு ஆன இடத்தைத் தேடுங்கள். தண்டுகள் உங்கள் மணிக்கட்டுத் தடிமனில், துப்பாக்கியை வீச இடமில்லாத அளவுக்கு நெருக்கமாக நிற்கும். பருந்தும் ஆந்தையும் உள்ளே இறங்க முடியாது என்பதால் பறவை அங்கே பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் முதிர்ந்த ஆஸ்பென் கொஞ்சம் இருந்தால் இன்னும் நல்லது, குளிர்காலத்தில் அதன் மொட்டுகள்தான் சாப்பாடு.

வயது மட்டும் போதாது, ஓரங்களைப் பாருங்கள். இளங்காடும் ஆல்டர் சேறும் சேரும் இடம், பழைய மரவண்டிப் பாதையில் குளோவர் முளைத்த ஓரம், டாக்வுட் பழப் புதர், யாரோ விட்டுப்போன பண்ணையின் காட்டு ஆப்பிள் மரம். வுட்காக் வேண்டுமென்றால் ஈரமான ஆல்டர் புதருக்குள் போய்த் தரையைப் பாருங்கள். சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை எச்சமும் பென்சில் குத்திய மாதிரி ஓட்டைகளும் இருந்தால் பறவை அங்கே இருக்கிறது, அல்லது நேற்று இருந்தது.

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஹியூரான்-மானிஸ்டீ, ஹியாவாத்தா, ஒட்டாவா தேசியக் காடுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. மாநிலக் காடு மட்டும் கிட்டத்தட்ட 39 லட்சம் ஏக்கர். மிச்சிகனின் வடபகுதியான மேல் தீபகற்பத்தில் வரிச்சலுகை பெறும் தனியார் வணிகக் காடுகளிலும் நடந்து போய் வேட்டையாடலாம். புதியவர்களுக்கு என் பரிந்துரை, கிரவுஸுக்கென்றே மாநிலம் பராமரிக்கும் 'ஜெம்ஸ்' தலங்கள்: வாகனம் நிறுத்த இடம், பாதை, வரைபடம் எல்லாம் இருக்கும். கூட்டமும் இருக்கும். காடு எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு நீங்களே வேறு இடம் தேடுங்கள்.

நாய்

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேட்டை நாய் என்றால் துரத்திப் பிடிக்கும் நாய். இங்கே வேலை நேர் எதிர். பாயிண்டிங் வகை நாய் பறவையின் வாசனை பிடித்ததும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். நீங்கள் நடந்து போய்ப் பறவையை எழுப்பும் வரை அசையக் கூடாது. ஸ்பிரிங்கர் ஸ்பானியல், லாப்ரடார் போன்றவை தாங்களே பாய்ந்து எழுப்பும் வகை. அவற்றை எப்போதும் 25 கஜத்துக்குள் வைத்திருக்க வேண்டும். இரண்டே தோட்டா போடும் பழைய துப்பாக்கியோடு அடர்ந்த காட்டுக்குள் போகிறவருக்கு, தயாராக ஒரு கணம் கிடைப்பது பெரிய விஷயம். ஆகவே பாயிண்டிங் நாய்தான் பொருத்தம் என்பேன்.

இங்கிலீஷ் செட்டர், பாயிண்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் ஆகிய நான்கும் இந்தக் காடுகளில் நிரூபித்தவை. செட்டரின் நீண்ட முடியில் முள்ளும் ஒட்டுவிதையும் சிக்கும், தினமும் சீவ வேண்டும். ஆனால் நவம்பர்க் குளிரைத் தாங்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, நாய் நடுத்தர அளவில் இருந்தால் போதும் என்றால் பிரிட்டனி. இனத்தைவிட வம்சம் முக்கியம். கண்காட்சிக்கு வளர்த்த வம்சத்தில் வேட்டை மூக்கு மங்கியிருக்கலாம். தாயும் தகப்பனும் காட்டுப் பறவை மேல் வேலை செய்வதை நேரில் பார்த்துவிட்டு, இடுப்பெலும்புச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

குட்டிக்குத் துப்பாக்கிச் சத்தத்தைப் பழக்குவதில்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். "சத்தம் பழகட்டும்" என்று நேராகச் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனால் நாய் வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கியைக் கண்டால் ஓடும். முறை இதுதான். முதலில் பறவை. சிறகு கட்டிய புறாவோ காடையோ வைத்து, துரத்தும் வெறியைக் குட்டிக்குள் ஏற்றுங்கள். பறவையைத் துரத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, சுமார் 100 கஜத்துக்கு அப்பால் ஒருவர் சின்ன வெற்றுத்தோட்டாத் துப்பாக்கியை ஒரு முறை சுடட்டும். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அடுத்த சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறையுங்கள். காதைத் தாழ்த்தினாலோ உங்களிடம் ஓடி வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுபடியும் வெறும் பறவைக்குப் போங்கள். ஜூலை 4 வாணவேடிக்கை அன்று குட்டியை வீட்டுக்குள் வையுங்கள்.

அடுத்தது "வோ" என்ற கட்டளை, நில் என்று பொருள். முற்றத்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால், நடைப்பயிற்சியில் என்று எல்லா இடத்திலும் பழக்கி, பிறகு 20, 30 அடிக் கயிறோடு வயலுக்குப் போங்கள். வசந்தத்தில் காட்டுப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் மிச்சிகனில் நாய்ப் பயிற்சிக்குத் தடை உண்டு என்பதால் அந்த மாதங்களை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மீறவே கூடாத விதி ஒன்று: நாய் பாயிண்டை உடைத்துத் தானே பறவையை எழுப்பினால் சுடாதீர்கள். எவ்வளவு சுலபமான பறவையாக இருந்தாலும் சரி. சுட்டு விழுந்தால், பாய்ந்தால் பலன் என்று நாய் கற்றுக்கொள்ளும். வீட்டுப் புறா அசையாமல் நிற்கும், கிரவுஸ் நிற்காது. எத்தனை அடிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதைக் காட்டு கிரவுஸ் மட்டுமே நாய்க்குச் சொல்லித்தர முடியும். அதற்கு முதல் இரண்டு பருவம் போகும்.

காட்டுக்குள் நாய் எங்கே என்று தெரிய, கழுத்தில் மணி கட்டுவது பழைய வழக்கம். மணி நின்றால் பாயிண்ட். ஜிபிஎஸ் பட்டை இன்னும் துல்லியம். நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்: மணி காதுக்கு, ஜிபிஎஸ் ஆபத்துக்கு.

ஆபத்துகளில் முதலாவது முள்ளம்பன்றி. முட்களை வெட்டாமல், சிறு இடுக்கியால் தோலுக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வாய்க்குள், தொண்டையில் இருந்தால் நேராகக் கால்நடை மருத்துவர். முள்கம்பி வேலி, விலங்குப் பொறிகள், வடக்கே ஓநாய்கள் இன்னும் இருக்கின்றன. பொறியை எப்படித் திறப்பது என்று வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள். செப்டம்பர் வெயிலில் ஓடும் நாய்க்கு உடல்சூடு உயிருக்கே ஆபத்து. அது களைக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீரை அடிக்கடி கொடுங்கள். மாலையில் உண்ணிகளைத் தேடி எடுங்கள், அவற்றால் லைம் நோய் வரும்.

இப்போது துப்பாக்கி

இந்தக் காட்டில் சுடும் தூரம் பெரும்பாலும் 15 முதல் 25 கஜம். நாள் முழுக்கச் சுமக்க வேண்டும், சுடுவது சில முறைதான். ஆக 6 முதல் 6½ பவுண்டு எடை, 26 அல்லது 28 அங்குலக் குழல், திறந்த சோக். கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் குறைந்தால் குழல் அகலம். 16 கேஜ், 20 கேஜ் இரண்டும் இதற்குச் சரி. பழைய 12 கேஜ் பலவும் ஏழரைப் பவுண்டைத் தொடும். மாலை மூன்று மணிக்கு உங்கள் தோள் அதைச் சொல்லும்.

அமெரிக்கப் பழைய துப்பாக்கிகளில் நான்கு பெயர்கள் அடிக்கடி வரும். கனெக்டிகட்டின் மெரிடன் நகரத்துப் பார்க்கர் பெயர் பெற்றது, விலையும் அப்படி. 1934இல் ரெமிங்டன் அந்த நிறுவனத்தை வாங்கியது. பிலடெல்பியாவின் ஏ.ஹெச். ஃபாக்ஸ் உள்ளமைப்பில் எளிமையானது, உறுதியானது. 1929க்குப் பிறகு சாவேஜ் கைக்குப் போனது. எல்.சி. ஸ்மித் அழகான பக்கத்தட்டு வகை, அதாவது சுடும் பொறியமைப்பைப் பக்கவாட்டுத் தட்டுகளில் பொருத்தியது. தட்டுக்குப் பின்னால் கட்டை விரிசல் விடுவது அதன் பழைய நோய். இதாகா நிறுவனத்தின் என்.ஐ.டி. மாடல் 1926இல் வந்தது, அதிகம் பேசப்படாத நல்ல வேலைக்காரன். முதல் துப்பாக்கிக்கு நான் அலங்காரமில்லாத ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் அல்லது இதாகாவைத்தான் சொல்வேன். செதுக்கு வேலைக்குக் கொடுக்கும் பணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை. முதலில், தோட்டா இல்லை என்று இரண்டு குழலையும் கண்ணால் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் குழலைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் தேய்ந்துவிட்டது, சரிசெய்யலாம், செலவாகும். மேலே உள்ள திறப்பு நெம்புகோல் மூடியபோது நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்பது நல்லது, இடப்பக்கம் தாண்டியிருந்தால் நிறையத் தேய்மானம். குழல்களைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, கரகரத்தால் நடு இணைப்பில் பற்றவைப்பு விட்டிருக்கலாம். வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள்: நெளிவு, குழி, வீக்கம். வீக்கம் இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு. ஒன்று குழல் சுவரின் தடிமன். அதற்கென்றே கருவி உண்டு. பழைய இரட்டைக் குழல்களில் பழகிய துப்பாக்கிச் சீரமைப்பாளரிடம் அளக்கச் சொல்லுங்கள். 0.020 அங்குலத்துக்குக் கீழே போனால் வேண்டாம் என்பது பரவலான கணக்கு. இன்னொன்று தோட்டா அறையின் நீளம், பெரிய ஆபத்து இருப்பது இதில்தான். இன்றைய 12, 16, 20 கேஜ் தோட்டாக்களின் குறைந்தபட்ச வழக்கமான நீளம் 2¾ அங்குலம். பழைய 16 கேஜ் அறை பலவற்றில் 2 9/16. ஆங்கிலேய 12 கேஜில் 2½. பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு, மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். அதனால் 2¾ தோட்டா குட்டை அறைக்குள் தடையில்லாமல் போகும், துப்பாக்கியும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி முன்னால் நெருக்கி, அழுத்தம் எகிறும். "உள்ளே போனது, அதனால் பொருந்தும்" என்ற நினைப்பு விரலைக் காவு வாங்கும்.

அறை நீளமே சரியாக இருந்தாலும் இன்றைய வேகத் தோட்டாக்கள் நூறு வயதுக் கட்டைக்கும் கீலுக்கும் அதிகம். பழைய துப்பாக்கிகளுக்கென்றே குறைந்த அழுத்தத் தோட்டா செய்யும் சிறு நிறுவனங்கள் உண்டு. ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், 16 கேஜில் 1 அவுன்ஸ் அல்லது அதற்கும் குறைவு, 20இல் 7/8 அவுன்ஸ். ரவை எண் 7½ அல்லது 8. வுட்காக்குக்கு 8 அல்லது 9. எஃகு ரவை பழைய மென்மையான குழலையும் சோக்கையும் கெடுக்கும், போடவே கூடாது. ஈயம் தடை செய்த நிலத்தில் பிஸ்மத் என்ற உலோக ரவை போடுங்கள்.

டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பும் எஃகும் முறுக்கிச் சேர்த்து அடித்த குழல், பார்க்க மயக்கும். நிபுணர் அளந்து பார்த்துச் சரி என்று சொல்லாத வரை அதைச் சுவரில் மாட்டுங்கள். அப்புறம், 12 கேஜும் 20 கேஜும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்கள் ஒரே சட்டைப்பையில் சேரவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கும். அது தெரியாமல் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

பழைய அமெரிக்கக் கட்டைகள் பின்னால் மிகவும் தாழ்ந்திருக்கும். கன்னத்தை வைத்தால் குழலுக்குப் பதில் பின்பக்கம்தான் தெரியும். தோளில் ஏற்றிப் பார்க்காமல் இணையத்தில் வாங்க வேண்டாம். சோக்கும் பலவற்றில் இரண்டு குழலுமே 'ஃபுல்', அதாவது மிக இறுகியது. 15 கஜத்தில் அதில் பட்ட பறவை சமையலுக்கு மிஞ்சாது. குழலை வெட்டாமல், ரவையைச் சீக்கிரம் விரிக்கும் ஸ்பிரெடர் தோட்டா போட்டுச் சமாளிக்கலாம். இரண்டு விசை இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். வழக்கமாக முன்விசை வலக் குழலின் திறந்த சோக்கையும் பின்விசை இடக் குழலின் இறுகிய சோக்கையும் சுடும். பறவை அருகிலா தூரத்திலா என்று பார்த்து விரலே தேர்ந்துகொள்ளும். இந்த வசதி ஒற்றை விசைத் துப்பாக்கியில் அவ்வளவு வேகமாகக் கிடைக்காது.

பாயிண்டை நோக்கி நடப்பது

காற்றுக்கு எதிராக நாயை விடுங்கள். மணி நின்றதும் அவசரப்படாமல், ஆனால் நிற்காமல் நடங்கள். தயங்கித் தயங்கிப் போனால் கிரவுஸ் பதறிப் பறக்கும். நாயின் பின்னாலிருந்து நேராகப் போகாதீர்கள். பக்கவாட்டில் வளைந்து, நாய் பார்க்கும் திசைக்கு முன்னால் நுழையுங்கள். அப்போது பறவை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் மாட்டும். ஒவ்வொரு சில அடிக்கும் குழலை வீச இடமிருக்கும் சின்னத் திறப்பைத் தேடி அங்கே கால் வையுங்கள். வேலி, விழுந்த மரம், ஓடை எதைத் தாண்டினாலும் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

பறவை எழும்பினால் அதற்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழப் பறப்பது நாயின் உயரம். கூட வருகிறவர் எங்கே என்று குரல் கொடுத்துத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் என்றால் குழல் மேலேயே இருக்கட்டும். தவறவிட்ட கிரவுஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு நூறு கஜத்துக்குள் இறங்கும். போன திசையை மனதில் வைத்து நாயோடு பின்தொடர்ந்தால் மறுபடி கிடைக்க வாய்ப்புண்டு. விழுந்த பறவையின் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், தொப்பியை அங்கே வைத்துவிட்டு வட்டமாகத் தேடுங்கள், நாயைத் தேட விடுங்கள். காயம்பட்ட பறவையைத் தேடி முடிக்காமல் அடுத்ததைத் தேடிப் போவது கேவலம்.

கையில் வந்த பறவை

முதலில் இரைப்பையைப் பிளந்து பாருங்கள். குளோவர் இலையா, டாக்வுட் பழமா, ஆஸ்பென் மொட்டா என்பது மதியம் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடும். வெயில் நாளில் குடலை உடனே எடுத்துவிடுங்கள்.

கிரவுஸின் மார்பு வெள்ளை இறைச்சி, கோழியைவிடக் கொழுப்பு குறைவு. குழம்பில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் நார்தான் மிஞ்சும். மிளகு, உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய் பூசி, சூடான இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் சில நிமிடம் வாட்டி எடுங்கள். கால்களை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்துச் சால்னா வையுங்கள், அவை கொதிக்கக் கொதிக்க ருசி. வுட்காக் தலைகீழ்: மார்பு ஈரல்போல் கருஞ்சிவப்பு, கால் வெள்ளை. அதன் மார்பைத் தீயில் காட்டியதும் எடுத்துவிட வேண்டும். சமைக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, ரவை நுழைந்த ஓட்டையை விரலால் தடவிப் பாருங்கள். ரவையோடு இறகும் உள்ளே போயிருக்கும், இரண்டையும் கத்தி முனையால் எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈய ரவையில் சுட்ட பறவையைக் கொடுக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்கும் உள்ளே இருக்கலாம்.